‘நே’ என்றால் ஓமா, இல்லையா?

வீட்டில் விருந்தினரை வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு நீளமான சொல்லால் தொல்லை வருவதில்லை. புரியாத நீளச் சொல் காதில் விழுந்தால் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். ஒருவர் போனை எடுத்து மொழிபெயர்த்துக் காட்டுவார், மற்றவர் சிரிப்பார், காரியம் நடந்துவிடும். குட்டிச் சொற்கள்தான் ஆபத்து. காதுக்குப் பழகின ஓசை. விளங்கிவிட்டது என்று நினைத்து அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

நாங்கள் இருப்பது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் அலஸ்தோட்டத்தில். மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். மே தொடக்கம் செப்டம்பர் வரை சீசன். வாடை பிறந்து மழை இறங்கினால் கடல் கொந்தளிக்கும், அறைகளும் காலியாகிவிடும். இவர் த்ரீவீலரையும் கணக்கையும் பார்க்கிறார், மாமி அடுப்படியில், நான் எல்லாவற்றுக்கும் நடுவில். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். சிங்களம் காரியத்துக்குப் போதும். மற்ற மொழிகளில் தெரிந்ததெல்லாம் காலை உணவு மேசையில் பொறுக்கின ஓரிரு எழுத்துச் சொற்கள். அதில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்: ‘நே’.

ஒரு சீசனில் ஒரு கிரேக்கத் தம்பதியும் ஒரு ஒல்லாந்துப் பெண்ணும் ஒரே காலையில் வந்து சேர்ந்தார்கள். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தவர்கள், கண்ணில் தூக்கம் கலையவில்லை. மாமி கேத்தலோடு போய் “டீ?” என்றார். கிரேக்கர் “நே” என்றார். மாமி ஊற்றினார். ஒல்லாந்துப் பெண்ணும் “நே” என்றாள். மாமி அவளுக்கும் ஊற்றினார். கிரேக்கர் ஆவலோடு குடிக்க, அந்தப் பிள்ளை கோப்பையைப் பார்த்து முழித்தாள். மாமி பாணைக் காட்டினார். மறுபடியும் இரண்டு ‘நே’. இடியாப்பத்துக்கும் இரண்டு ‘நே’. அந்தப் பிள்ளையின் தட்டு நிறைந்துகொண்டே போனது, முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் கிரேக்கப் பெண்தான் விஷயத்தைப் பிடித்துச் சிரித்து, எல்லோருக்கும் ஆங்கிலத்தில் விளக்கினார். கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஓம், அதாவது ஆமாம். ஒல்லாந்து மொழியில் இல்லை, வேண்டாம். கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டால் ஒல்லாந்தரின் நே ‘நேய்’ என்று முடிவது தெரியும். சம்பலும் சொதியும் கொதிக்கிற அடுப்படி வாசலில் அதையெல்லாம் யார் கேட்பது?

“இங்கிலீஷில் ஏன் சொல்லவில்லை?” என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெண் நல்ல ஆங்கிலம் பேசுகிறவள்தான். ஆனால் ஆளுக்குக் களைப்பு வந்தால், அல்லது கண் போனில் இருந்தால், வாயிலிருந்து முதலில் விழுவது தாய்மொழியின் ஓமும் இல்லையும்தான். இத்தனை சீசன்களில் நான் கண்ட வரையில் அதிகாலைப் படகுக்குக் கதவைத் தட்டும்போது யாரும் ஆங்கிலத்தில் பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் ஊரில் நே என்றால் என்ன என்று கேட்கத் தொடங்கினேன். பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வழி கிடையாது. செக், பல்கேரிய, சேர்பிய ஆட்களுக்கு நே என்றால் இல்லை. துருக்கிக்காரருக்கு நே என்றால் ‘என்ன?’. ஹங்கேரிக்காரருக்கு ‘செய்யாதே’. யப்பானியர் பேசுகிற வாக்கியத்தின் வாலில் நே போடுவார்கள், நாங்கள் ‘என்ன?’ என்றோ ‘தானே’ என்றோ முடிக்கிற மாதிரி. வட ஜெர்மனிக்காரர் வாலில் போட்டால் ‘தானே’. தனியாக இழுத்துச் சொன்னால் ‘இல்லை’. ஒரே ஆள், ஒரே பேச்சு, இரண்டு நே.

கொரியர்களின் நே ஓம் என்றுதான் அர்த்தம், ஆனால் அதிலும் சிக்கல் உண்டு. ஒன்று, ‘நீங்கள் சொல்வது காதில் விழுகிறது’ என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள். கேட்டுக்கொண்டேன் என்றால் ஒத்துக்கொண்டேன் என்று ஆகாது. குரலை மேலே தூக்கி “நே?” என்றால் ‘என்ன சொன்னீர்கள்?’. இன்னொன்று, சொல்லின் தொடக்கத்தில் அவர்களின் ‘ந’ மூக்கிலிருந்து நழுவி ‘ட’ மாதிரி ஒலிக்கும். தலையைக் குனிந்து மரியாதையாக ஒரு கொரியப் பெடியன் மாமியைப் பார்த்து “டே” என்றான். மாமி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு தம்பி கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டிலும் பழகவேண்டும் என்று தாய் எதைக் கேட்டாலும் நே. “சாப்பிட்டியா?” “நே.” “கடைக்குப் போட்டு வாறியா?” “நே.” தாய்க்குச் சிங்களம் தெரியும். பெடியன் சிங்களத்தில் இல்லை என்கிறான் என்று நினைத்து இரண்டாம் தரம் சோறு போட்டதாக வந்து சொன்னார்.

உண்மையில் திருகோணமலையில் இருக்கிற எங்களுக்குக் கிரேக்கமும் கொரியமும் பொழுதுபோக்கு. காசும் காரியமும் தங்கியிருப்பது சிங்கள நேயில். சிங்களத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று ‘நே’, எங்கள் ‘தானே’ மாதிரி வாலில் வருவது. ‘நேத’ என்பதன் சுருக்கம். இன்னொன்று ‘நெஹெ’ என்பதன் சுருக்கம், அதாவது இல்லை. அதன் உயிர் ஒலி தமிழில் கிடையாது. ஆங்கிலத்தில் பூனைக்குச் சொல்லும் ‘கேட்’ என்ற சொல்லில் வாயை அகட்டி எழுப்புகிற ஒலி அது. சிங்களக் காதுக்கு இரண்டும் பகலும் இரவும்போல. எங்கள் காதுக்கு இரண்டும் நே, தமிழில் எழுதினாலும் நே.

தண்ணீர் மோட்டர் திருத்த வருகிற பாஸ் ஒரு நாள் கடற்கரைக் காற்று இரைகிற இடத்திலிருந்து போன் எடுத்து “ஹரி நே” என்றார். ‘சரிதானே’ என்றாலும் அதுதான், ‘சரியில்லை’ என்றாலும் அதுதான். மாடியில், படகில் புறாத்தீவுக்குப் போய் உப்பும் மணலுமாக வந்த ஆட்கள் குளிக்க நிற்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ‘ஹரித?’ என்று திருப்பிக் கேட்பதால் பிரயோசனம் இல்லை. மறுபடியும் நேதான் வரும். நான் கேட்டது “கீயடத?”, எத்தனை மணிக்கு. “ஹதரட்ட” என்று வந்தது, நான்கு மணிக்கு. அப்போ இன்னும் திருந்தவில்லை. குளிக்க நின்றவர்களைக் கிணற்றடிக்கு அனுப்பினேன். வாளியால் அள்ளிக் குளிப்பது அவர்களுக்குப் படம் எடுக்கிற அளவுக்குப் புதினம்.

சிங்களம் பழகுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். நேயைக் கேட்காதீர்கள், அதற்கு முன்னால் வருகிற வினையைக் கேளுங்கள். ‘யனவா நே’ என்றால் போகிறான்தானே. ‘யன்னே நே’ என்றால் போவதில்லை. ‘ஆவா நே’ வந்தான்தானே, ‘ஆவே நே’ வரவில்லை. வினை ‘ஆ’ என்று முடிந்தால் தானே, ‘ஏ’ என்று முடிந்தால் இல்லை. பெரும்பாலும் இது கைவிடாது. எனக்கு இதைச் சொல்லித்தந்தது எந்தப் புத்தகமும் இல்லை, நிலாவெளிப் படகுக்கார நானா. அவர் மூன்று மொழியிலும் விலை பேசுகிறவர். “தங்கச்சி, வாலைப் பிடிக்காதீங்க, இடுப்பைப் பிடிங்க” என்று மீன் பிடிக்கிற கணக்கில் சொன்னார்.

கோணேசர் கோயிலுக்கு விருந்தினரை அழைத்துப் போகும்போது பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போகவேண்டும். மான்கள் வந்து முகரும். அங்கே நான் சொல்கிற கதை இப்போது மாறிவிட்டது. போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே 1624இல் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782இல் பிரெஞ்சுக்காரர் கைக்குக் கொஞ்சக் காலம் போனது. 1795இல் ஆங்கிலேயர் வந்து நிலைத்தார்கள். இது எல்லா வழிகாட்டிகளும் சொல்கிற கதை. நான் சேர்த்துச் சொல்வது, வந்து பிடித்த நான்கு பேரின் மொழியிலும் ஒரு நே இருக்கிறது என்பதை. இன்றைய போர்த்துக்கீசர் ‘அப்படித்தானே’ என்பதற்கு வாலில் நே போடுகிறார்கள். ‘நவ் ஏ’ என்ற இரண்டு சொல் தேய்ந்து ஒன்றானது. ஒல்லாந்தருடையது வேண்டாம். ஆங்கிலத்தின் பழைய ‘நே’யும் இல்லை என்பதுதான், இப்போது நோ என்கிறார்கள். பிரெஞ்சில் எழுத்தில் மறுப்பு இரண்டு துண்டு, ‘நெ’ முன்னால், ‘பா’ பின்னால். பேச்சில் நெ விழுந்துவிடும், பா மட்டும் மறுக்கும். அதோடு ‘பிறந்த’ என்பதற்கும் பிரெஞ்சில் நே என்பார்கள். எங்கள் பதிவுப் புத்தகத்தில் பிறந்த திகதி நிரப்பும்போது ஒரு பிரெஞ்சுப் பாட்டி “நே, நே” என்று விரலால் தட்டிக்காட்டினார். வேண்டாம் என்கிறாரோ என்று பக்கத்தில் நின்ற இவர் புத்தகத்தை மூடப் போனார்.

ஏன் இத்தனை மொழியில் ஒரே ஓசை? பாதிக்கு விடை சொந்தபந்தம். சமஸ்கிருதத்தின் ‘ந’, பாரசீகத்தின் ‘ந’, வங்காளத்தின் ‘னா’, ரஷ்யரின் ‘நியெத்’, ஆங்கிலேயரின் ‘நோ’ எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துப் பிள்ளைகள். மறுப்புக்கு ‘ந’ என்பது அந்தக் குடும்பத்தின் அடையாளம். சிங்களமும் அந்தக் குடும்பந்தான். அதன் ‘நெத’ பாளியின் ‘நத்தி’, சமஸ்கிருதத்தின் ‘நாஸ்தி’ வழியாக வந்தது. கிரேக்கமும் அதே குடும்பம்தான், ஆனால் அது பழங்காலத்திலேயே ‘நை’ என்று ஒத்துக்கொள்ளவும், ‘ஊ’ என்று மறுக்கவும் தொடங்கிவிட்டது. வீட்டில் ஒரு பிள்ளை இப்படி வருவது வழக்கந்தானே.

கொரியமும் யப்பானியமும் துருக்கியும் ஹங்கேரியும் அந்தக் குடும்பம் இல்லை. அவற்றின் நே தற்செயல். உலகத்தில் ஏறக்குறைய 7000 மொழிகள் பேசப்படுகின்றன, ‘ந’ அநேகமாக எல்லா மொழியிலும் உள்ள ஒலி, ஓரசைச் சொல்லுக்கு வாயில் கிடைக்கிற ஒலிச் சேர்க்கைகள் கொஞ்சம்தான். முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். இதை வைத்து யாராவது கொரியமும் தமிழும் ஒன்று என்று நிறுவ வந்தால் நான் டீயைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். தமிழிலும் நே உண்டு என்பதும் அந்த மாதிரித்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும்: ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ந வரிசை நெடிலில் நா, நீ, நே, நை, நோ. அதில் நே என்றால் அன்பு. யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. விருந்தினர் திருப்பிக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். மாமிக்குப் பிடிக்கவில்லை, “டீ வேண்டாம் என்கிறதா அன்பு?” என்றார்.

தமிழுக்குள்ளேயே ஒரு தடங்கல் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கோணேசருக்கு வருகிறவர்கள் “ரூம் இருக்கா?” என்று போனில் கேட்பார்கள். நாங்கள் “ஓம்” என்போம். அந்தப் பக்கம் ஒரு மௌனம். ஒரு பெரியவர் மந்திரத்தின் மிச்சத்துக்குக் காத்திருந்தாராம். இப்போது இந்திய இலக்கம் தெரிந்தால் “இருக்கு, வாங்கோ” என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

தலையாட்டலை நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. பல்கேரியர் ஓம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழும். கிரேக்கர் இல்லை என்பதற்குப் புருவத்தையும் நாடியையும் மேலே தூக்குவார்கள், சிலவேளை நாக்கால் ஒரு ‘ட்ச்’ வரும். நாங்கள் ஆட்டுகிற ஆட்டத்தை அவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். ஆங்கிலத்து நோகூடப் பாதுகாப்பு இல்லை. செக்காரரும் போலந்துக்காரரும் சாதாரணப் பேச்சில் ‘ம், ஓம்’ என்பதற்கு ‘நோ’ என்கிறார்கள். செக்கில் ஓம் என்பது ‘ஆனோ’, இது அதன் வால் மாதிரி. இரண்டு செக் நண்பர்கள் பேசுவதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டால் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைப்பீர்கள்: நோ, நோ, நோ. அவர்கள் முழுக்க ஒத்துப்போய்க்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் ஓம்-இல்லைக் கேள்விகளைக் குறைத்துவிட்டோம். “டீ வேணுமா?” இல்லை, “டீயா, கோப்பியா?” பதிலில் பொருளின் பெயர் வந்தே ஆகவேண்டும், எந்த மொழிக்காரராக இருந்தாலும் அந்த இரண்டு சொல்லும் தெரியும். எதுவும் வேண்டாத ஆள் கையால் காட்டிவிடுவார். “நாளைக்கு 6 மணிக்குப் படகு, சரியா?” என்றும் கேட்பதில்லை. “எத்தனை மணிக்குக் கதவைத் தட்ட?” என்று கேட்டு, தாளையும் பேனையையும் நீட்டுகிறோம். அவர் கையால் 5.30 என்று எழுதினால் அது அவர் சொன்னது. காலையில் கடல் அமைதியாக இருக்கும்போதே புறாத்தீவுக்குப் போய்த் திரும்பவேண்டும், பகல் ஏற ஏறக் காற்று எழும்பிவிடும். பிந்தினால் நானாவுக்கும் நட்டம், பவளப்பாறையைப் பார்க்க வந்தவருக்கும் கலங்கின தண்ணீர். தாள் வந்த பிறகு அந்தச் சண்டை இல்லை. போனில் வருகிற முன்பதிவுக்கு வாட்ஸ்அப்பில் திகதியையும் அறைக் காசையும் இலக்கத்தில் திருப்பி அனுப்பச் சொல்கிறோம். மாதத்தை மட்டும் எழுத்தில் கேட்போம், ஏனென்றால் 6/7 என்பது ஆளுக்கு ஆள் யூன் அல்லது யூலை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எதிர்மறையில் கேட்கக் கூடாது. “சாப்பாடு வேண்டாமா?” என்று கேட்டால் நாங்கள் “ஓம்” என்போம், அதாவது நீங்கள் சொன்னது சரி, வேண்டாம். யப்பானியரும் கொரியரும் அப்படித்தான். ஆங்கிலேயர் அதே கேள்விக்கு “நோ” என்பார், வேண்டாம் என்ற அர்த்தத்தில். அவர் “யெஸ்” என்றால் வேண்டும். அதாவது ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லி ஒருவர் சாப்பிட உட்காருவார், மற்றவர் எழும்பிப் போவார். அதோடு இலங்கை ஆங்கிலத்தில் நாங்களே வாலில் நோ சேர்க்கிறோம்: “யூ ஆர் கமிங், நோ?” சிங்கள நேயும் தமிழ்த் தானேயும் ஆங்கிலத்துக்குள் குடிபுகுந்து போட்ட வேடம். பிற நாட்டுக்காரருக்கு அது வராதே என்று கேட்கும்.

தேநீர் போனால் போகட்டும். மீன் சாப்பிடாதவர்களிடம் இது விளையாட்டு இல்லை, ஒவ்வாமை உள்ளவர்களிடம் உயிர் விஷயம். தேங்காய்ச் சம்பலில் மாசி, அதாவது காய்ந்த சூரை மீன், இடித்துப் போடுவது இங்கே வழக்கம், தூளாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. விருந்தினர் சம்பலைக் காட்டி “நோ ஃபிஷ்?” என்பார். உதவிக்கு நிற்கிற தம்பி “யெஸ்” என்பான். ஓம், மீன் இல்லை என்கிறானா, ஓம், மீன் இருக்கிறது என்கிறானா? அவனுக்கே சொல்லத் தெரியாது. எங்கள் அடுப்படியில் இப்போது மாசித் துண்டு ஒன்று சிறு போத்தலில் இருக்கிறது. கேட்கிறவருக்கு அதைத் திறந்து முகரக் கொடுத்து, எந்தச் சட்டியில் போட்டது, எந்தச் சட்டியில் போடவில்லை என்று விரலால் காட்டவேண்டும். மாசி போடாத சம்பலை மாமி வேறு அம்மியில்தான் அரைக்கிறார், கரண்டியும் வேறு. தம்பி அந்த மேசைப் பக்கம் போனால் வாயே திறக்கக் கூடாது, போத்தலைத்தான் நீட்டவேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.